நாக்கில் படாத மிட்டாய்

"வாத்திச்சியம்மா, எம் பிள்ளைக்கு என்னத்தக் குடுத்திய?"

கோமதியம்மாள் வகுப்பு வாசற்படியில் நின்றுகொண்டு கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போடுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். என் சித்தப்பாமார் எல்லாரும் அந்த ரகம்தான். இப்படிப் பைய, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்கிறவர்களிடம்தான் எனக்கு உதறல் எடுக்கும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன மகளை, இலையில் உட்காரக்கூட விடாமல் திரும்ப அழைத்து வந்திருந்தாள். மகள் பெயர் காந்திமதி. ஐந்து வயது இருக்கும். பிள்ளையின் வலது கையைத் தூக்கி, விரல்களை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். நெய். நெய்க்குப் பின்னால் ஏலக்காய். அன்று காலையில் நான் ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் வைத்த அல்வாத் துண்டின் வாசம், கழுவின பிறகும் போகாமல் நின்றது.

"அல்வா. கையில வச்சுப் பாக்கத்தான் குடுத்தேன்," என்றேன்.

"திங்கக் குடுத்தியளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் காந்திமதி முந்திக்கொண்டாள். "திங்கலம்மா. தொட்டுத்தான் பாத்தேன். விரால் மீனு கணக்கா வழுக்குது."

"ஏட்டி, நீ விராலை எங்கனட்டி தொட்ட?" என்று கோமதியம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். சைவப் பிள்ளைமார் வீட்டுக் குழந்தை அது. நல்ல வேளையாக நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இந்தக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

கோமதியம்மாளின் கோபம் என்னவென்று எனக்குத் தெரியும். நான் வேதக்காரி. கிறிஸ்தவர்களுக்கு எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் அதுதான் பெயர். தாமிரபரணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் இருந்து, திருநெல்வேலி டவுணில் ரத வீதியை ஒட்டிய சந்துக்கு தினமும் மாட்டு வண்டியில் வந்து பாடம் சொன்னேன். வேதக்காரி கையால் பண்டம் வாங்கித் தின்ற பிள்ளை பாதி வேதத்தில் சேர்ந்துவிட்டது என்று அந்தத் தெருவில் பெரியவர்களே நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? மிட்டாயைக் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். கோயில் பிரசாதத்தைத் தின்றால் காய்ச்சல் வரும் என்று எங்கள் தெருவில் சொன்னார்கள். ஆற்றுக்கு இரண்டு கரையிலும் ஒரே பயம்தான்.

"இங்க பாருங்க," என்றேன். "உங்க பிள்ளை நாக்குல என் கையால ஒரு துணுக்குப் பண்டம் படாது. வாக்குத் தாரேன். கண்ணால பாக்கட்டும், கையால தொடட்டும். அதோட சரி."

கோமதியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாக்குத் தப்பிட்டுன்னா, எம் பிள்ளை மட்டுமில்ல, எங்க தெருப் பிள்ளை ஒண்ணுகூட இங்கன காலெடுத்து வைக்காது. நான் சொன்னா சொன்னதுதான்."

அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது தெருவுக்கே தெரியும்.

ஆப்பிள் படமும் அல்வாத் துண்டும்

பெண் குழந்தைகளுக்கு இருக்கட்டும் என்று அந்தப் பள்ளியைத் தொடங்கியவர் சண்முகம் அண்ணாச்சி. ஜவுளி வியாபாரி. தன் கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்தார். மழைக்காலத்தில் சுவரில் இருந்து கோடி வேட்டியின் கஞ்சி வாசம் கிளம்பும். படித்த இந்துப் பெண் ஒருத்தியை வேலைக்குத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் என் அப்பாவிடம் வந்து நின்றார். ஐரோப்பாவில் பெரிய சண்டை மூளுவதற்கு ஓரிரண்டு வருஷம் முந்தி என்று நினைவு.

சின்னப் பிள்ளைகளுக்குப் பொருட்பாடம் என்று ஒன்று உண்டு. ஒரு பொருளைக் காட்டி, அதன் நிறம், வடிவம், மணம், ருசி எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லும்படி செய்ய வேண்டும். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு அதற்கென்று படங்கள் கொடுத்தார்கள். ஆப்பிள் பழத்தின் படம். பனியில் நிற்கும் ஆட்டின் படம். அடுப்புக்குப் பக்கத்தில் தூங்கும் நாயின் படம், அதுவும் வீட்டுக்குள்ளே.

முதல் வாரம் ஆப்பிள் படத்தை மாட்டி, "ஆப்பிள் சிவப்பாக இருக்கும், இனிப்பாக இருக்கும்" என்று சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். "நீங்க தின்னுருக்கியளா?" என்று காந்திமதி கேட்டாள். நானும் தின்றதில்லை. பார்த்ததுகூட இல்லை. அன்று சாயங்காலம் படத்தைச் சுருட்டி அலமாரியின் மேல் வைத்தேன். பிறகு அதை எடுக்கவே இல்லை.

படத்தில் இருக்கிற பழத்தை மோந்து பார்க்க முடியாது. ஆனால் எங்கள் சந்து முனை மிட்டாய்க் கடையில் காலையில் இருந்தே அல்வா கிண்டுகிறார்கள். பொரிவிளங்காய் உருண்டை, சில்லுக் கருப்பட்டி, எள்ளுருண்டை, சீனி மிட்டாய் எல்லாம் தட்டில் அடுக்கி இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் வேறு எங்கே கிடைக்கும்? அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"மிட்டாயா? பள்ளிக்கூடத்துக்கா?" என்று அவர் தாடையைத் தடவினார். "எங்க வாத்தியாரு எனக்குப் பிரம்புதாம்மா குடுத்தாரு. சரி, எடுத்துக்கிடுங்க. கடையில நான் சொல்லிருதேன்."

இதற்கு முன் வேறு யாராவது மிட்டாயை வைத்துப் பாடம் நடத்தினார்களா என்று எனக்குத் தெரியாது. டவுணில் நான்தான் முதல் ஆள் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். யாரும் மறுக்கவில்லை. தற்பெருமை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

நாலு வாசல்

என் திட்டம் ஐந்து நாளைக்கு ஒரு சுற்று. முதல் நாள் கண், அடுத்த நாள் கை, பிறகு காது, மூக்கு, கடைசியில் நாக்கு. நாக்குப் பாடத்தில்தான் பிள்ளைகள் மகிழ்ந்துபோவார்கள் என்று ஆசையாக வைத்திருந்தேன். கோமதியம்மாளுக்கு வாக்குக் கொடுத்த பிறகு அந்த ஐந்தாவது வாசலை அடைத்தாயிற்று. மிட்டாயை வைத்துக்கொண்டு நாக்கை விட்டுவிட்டுப் பாடம் நடத்துவது, மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடத்துவது போலத்தான். ஆனால் நடத்தினேன்.

அல்வாத் துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பலகையில் இருக்கும்போது கருஞ்சிவப்பாக இருந்தது, வெளிச்சத்தில் உள்ளே விளக்கு வைத்த மாதிரி ஆனது. எள்ளுருண்டையைப் பிடித்துப் பார்த்தார்கள். வெளிச்சம் வரவில்லை. "இது கதவை அடைச்சுக்கிட்டு இருக்கு" என்றது ஒரு பிள்ளை. அந்தச் சொல்லை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பொரிவிளங்காய் உருண்டையைத் தரையில் தட்டினால் கல்லைப் போல் டக்கென்று சத்தம் வரும். எள்ளுருண்டை தொப்பென்று விழும். சில்லுக் கருப்பட்டியை ஒடித்தால் காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம். பிள்ளைகள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்ள, நான் பின்னால் இருந்து ஒவ்வொன்றாகத் தட்டுவேன். சத்தத்தை வைத்துப் பெயர் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் ஒருவரும் தப்பாகச் சொல்வதில்லை.

மூக்குப் பாடம்தான் வினையானது. கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, இது சுக்கு, இது ஏலம், இது நெய், இது எள் என்று மோந்து சொல்லப் பழக்கினேன். பழகின மூக்கு பள்ளிக்கூடத்தோடு நிற்குமா? காலையில் வகுப்புக்கு வரும்போதே, "அண்ணாச்சி வீட்டுல இன்னைக்கு அதிரசம் வேவுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அதுவரை சரி. ஒரு நாள் கோமதியம்மாள் வீட்டுக்கு மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். இலை போட்டு, பருப்பு வைத்து, நெய் ஊற்றுகிற நேரத்தில் காந்திமதி எட்டி மோந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது பழைய நெய்யி" என்று சொல்லிவிட்டாள். சபையில் வைத்து.

மறுநாள் கோமதியம்மாள் வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"நெய்யி பழசுதான்," என்றாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அவள் நேர்மையை நான் அன்றைக்குக் கண்டுகொண்டேன்.

பாடம் முடிந்ததும் பிள்ளைகள் தொட்ட பண்டம் எல்லாம் அண்ணாச்சி வீட்டுப் பசுமாட்டுக்குப் போகும். திருநெல்வேலி டவுணிலேயே கொடுத்து வைத்த மாடு அதுதான். பிறகு பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நின்று கை கழுவுவார்கள். கை கழுவின தண்ணீரைப் பார்த்து ஒரு பிள்ளை, "இந்தத் தண்ணி இப்போ இனிக்குமா?" என்று கேட்டாள். "குடிக்கப்படாது," என்று காந்திமதி அவளை அதட்டினாள். "வாத்திச்சியம்மா நம்ம அம்மாட்ட வாக்குக் குடுத்துருக்காவ."

விரலை நக்க எவ்வளவு ஆசை இருந்திருக்கும் அந்த வயதில். ஒரு பிள்ளைகூட நக்கவில்லை. சிலர் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு பக்கம் பாவமாகவும் ஒரு பக்கம் கர்வமாகவும் இருக்கும். என் வாக்கை அவர்களும் சேர்ந்தல்லவா காப்பாற்றினார்கள்.

கொஞ்சம் ஆற்றுத் தண்ணீர்

திருநெல்வேலி அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணமா என்று மதுரையில் இருந்து இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் ஊர்க்காரி, இல்லை என்று சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ள மாட்டேன். அந்த ஆற்றுத் தண்ணீரால் அல்வாப் பிசுக்கைக் கழுவ முடியாது என்பதை மட்டும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

சாயங்காலம் வண்டி பாலத்தை நெருங்கும்போது கரையில் நிறுத்தச் சொல்லி, மணலை அள்ளித் தேய்த்துக் கை கழுவுவேன். இல்லையென்றால் வீட்டில் அப்பா கேட்பார், "இன்னைக்கும் மிட்டாய்ப் பாடமா?" என்று. அப்பாவும் பள்ளி ஆசிரியர்தான், ஆனால் பெரிய வகுப்புக்கு. மிட்டாயைக் காட்டிச் சொல்லித் தருவதை அவரால் பாடம் என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"வருஷக் கடைசியில துரைசாணி வருவாங்க. அவங்க பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் பள்ளிக்கு அங்கீகாரம். இல்லாட்டி அண்ணாச்சி அந்த அறையில மறுபடி வேட்டியை அடுக்கிருவாரு," என்றார் ஒரு நாள். "அப்படி ஆச்சுன்னா, உன்னைக் கேட்டு வந்திருக்கிற மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் சரின்னு சொல்லிருவேன். அவங்களுக்குப் பொண்ணு வேலைக்குப் போறதுல இஷ்டம் இல்ல."

எனக்கு அப்போது பத்தொன்பதோ இருபதோ. அந்த மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு, "பொரிவிளங்காய்!" என்று கத்துகிற பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கேயும் போக எனக்கு மனது இல்லை. இதை அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் ஆற்றங்கரையில் வண்டி மாட்டிடம் சொன்னேன். (எனக்குக் கல்யாணம் நடந்த கதையை ஏற்கெனவே எழுதிவிட்டேன். அதில் வருகிற மாப்பிள்ளை இவர் இல்லை.)

பிஸ்கோத்து

துரைசாணி வந்தார். பெண்கள் பள்ளிகளை மேற்பார்வை பார்க்கிற வெள்ளைக்கார இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள். நெட்டையான உருவம், தலையில் பெரிய வைக்கோல் தொப்பி. தமிழ் படித்திருந்தார். ஆனால் புத்தகத்தில் இருந்து எழுந்து நடந்து வந்த தமிழ். பிள்ளைகளைப் பார்த்து, "சிறுமிகளே, நீங்கள் சுகமாக இருக்கின்றீர்களா?" என்று கேட்டார். சிறுமிகள் திருதிருவென்று விழித்தார்கள்.

அன்று காலையில் இருந்தே அண்ணாச்சி வாசலுக்கும் கடைக்குமாக நடந்துகொண்டிருந்தார். சரிகை அங்கவஸ்திரம் போட்டு, நெற்றி நிறையத் திருநீறு. நான் பலகையில் அல்வா, எள்ளுருண்டை, கருப்பட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தேன். துரைசாணி அதைப் பார்த்தார். பலகையைக் கையால் ஓரமாகத் தள்ளினார்.

"இவைகளை இவர்கள் முன்னமே படித்தார்கள். மனப்பாடம் எனக்கு வேண்டாம்," என்றார்.

எத்தனை பள்ளியில் 'சர்க்கரை வெண்மையானது, நீரில் கரையும்' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்குமோ. தன் பையில் இருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். பிஸ்கோத்து. ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்தார்.

"இது என்ன? சொல்லுங்கள்."

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியும் பிஸ்கோத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவர்கள் விழிக்கவில்லை. எல்லாரும் ஒன்றுபோல ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். நான் சொல்லவே இல்லை.

"இது வெளிச்சத்தை விடல. ஓட்டை ஓட்டையா இருக்கு, ஊசியால குத்தினாப்ல."

"ஓரம் கருத்திருக்கு. சுட்டிருக்காவ, பொரிக்கல. பொரிச்சா கையில எண்ணெ ஒட்டும்லா."

ஒரு பிள்ளை அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தாள். "முறுக்கு மாதிரி சத்தம். ஆனா பாவம், மெதுவா முறியுது."

காந்திமதி கண்ணை மூடி மோந்தாள். "கோதுமை மாவு. வெண்ணெ வாசம் இருக்கு, நெய் இல்ல. இன்னொரு வாசம் இருக்கு, அது எனக்குத் தெரியல."

துரைசாணியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. என் முதுகில் வேர்வை இறங்கியது, ஆனால் சந்தோஷ வேர்வை. அண்ணாச்சி வாசலில் நின்று அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மிக நன்று," என்றார் துரைசாணி. "இனி உண்ணுங்கள். ருசியைச் சொல்லுங்கள்."

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். ஒரு கையும் வாய்க்குப் போகவில்லை.

துரைசாணி மறுபடியும் சொன்னார். பிள்ளைகள் மறுபடியும் என்னைப் பார்த்தார்கள். அவருடைய புருவம் உயர்ந்தது. "இவர்கள் ஏன் உண்ணவில்லை?"

அந்த நிமிஷத்தை நான் எப்படிச் சொல்ல? தின்னச் சொன்னால், கோமதியம்மாளுக்குக் கொடுத்த வாக்கு போகும். வேதக்காரி பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரி கையால் பிஸ்கோத்து ஊட்டினார்கள் என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவும். நாளைக்குப் பிள்ளைகள் வர மாட்டார்கள். தின்ன வேண்டாம் என்றால், துரைசாணி எழுந்து போவார். நாளைக்குப் பள்ளியே இருக்காது. எந்தப் பக்கம் போனாலும் பள்ளம்தான். கொடுத்த வாக்கையாவது கையில் வைத்துக்கொண்டு விழுவோம் என்று தோன்றியது.

"இவங்க தாய்மாருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன், அம்மா. பள்ளிக்கூடத்துல எதையும் இவங்க நாக்குல வைக்கிறதில்ல."

"நான் கட்டளை இடுகிறேன்."

"என்னைத் தின்னச் சொல்லுங்க, தின்னுறேன். பிள்ளைகளைச் சொல்ல மாட்டேன்."

வாசலில் அண்ணாச்சி இரண்டு கையையும் கூப்பி, எனக்கா துரைசாணிக்கா நெல்லையப்பருக்கா என்று தெரியாமல் கும்பிட்டார்.

"ருசி இல்லாமல் இந்தப் பாடம் பாதிதான்," என்றார் துரைசாணி. குரலில் இருந்த மலர்ச்சி போய்விட்டது. "இனிப்பா, இல்லையா? அதைக்கூட இவர்கள் அறியாவிட்டால் நான் என்ன எழுதுவேன்?"

பிள்ளையார் எறும்பு

அப்போது காந்திமதி எழுந்தாள். என்னிடமும் கேட்கவில்லை, துரைசாணியிடமும் கேட்கவில்லை. தன் பிஸ்கோத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளிக்கொண்டு சுவர் மூலைக்குப் போனாள். அங்கே பிள்ளையார் எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. கடிக்காத, கறுப்பான, பொடி எறும்பு. வரிசைக்குப் பக்கத்தில் துணுக்கை வைத்துவிட்டுக் குந்தினாள்.

"நாங்க திங்கப்படாது. பிள்ளையார் எறும்பு தின்னுட்டுச் சொல்லட்டும்."

இதை நான் சொல்லிக்கொடுத்ததில்லை. சத்தியமாக இல்லை. என்னிடம் கேட்டிருந்தால்கூட எனக்குத் தோன்றியிருக்காது.

பிள்ளைகள் எல்லாரும் எழுந்து போய் மூலையைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். துரைசாணி நாற்காலியில் இருந்து எழுந்தார். தொப்பியைக் கழற்றி அதன் மேல் வைத்தார். வெள்ளைப் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சாணி மெழுகின தரையில் முழங்காலைப் போட்டுக் குனிந்தார்.

முதல் எறும்பு வந்தது. துணுக்கைத் தொட்டது. திரும்பிப் போய்விட்டது. அடுத்த எறும்பு சுற்றி வந்து பார்த்தது, அதுவும் போனது. பிறகு வரிசையில் இருந்து ஒன்று பிரிந்தது, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கூட்டமே துணுக்கை மொய்த்தது.

"இனிப்புதான்," என்றாள் காந்திமதி. இன்னும் குனிந்து பார்த்துவிட்டு, "ஆனா கொஞ்சந்தான் இனிப்பு. சீனி சிந்தினா எங்க வீட்டுல எறும்பு ஓடி வரும். இதுக்கு யோசிச்சு யோசிச்சு வருது" என்றாள்.

துரைசாணி எறும்பு மொய்ப்பதை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. குனிந்ததாலா வேறு எதனாலா தெரியாது.

"சர்க்கரை இனிக்கும் என்று பல பள்ளிகளில் கேட்டேன்," என்றார் என்னிடம். "கொஞ்சமாக இனிக்கும் என்று இங்கேதான் கேட்டேன்."

பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, இந்தப் பள்ளி நடக்க வேண்டும், இந்த உபாத்தியாயினியே நடத்த வேண்டும் என்று சொன்னார். வண்டியில் ஏறும் முன் என் பக்கம் திரும்பி, "நான் கட்டளை இட்டேன், நீங்கள் மறுத்தீர்கள்" என்றார். ஆமாம் என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அன்று அந்தப் பாலத்தைத் தாண்டும்போது வண்டி ஓடியதா பறந்ததா என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "அந்த எறும்பு விஷயத்தை இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

தூக்குவாளி

மறுநாள் காலையில் மணி அடித்தேன். ஒரு பிள்ளைகூட வரவில்லை.

துரைசாணி வந்து எல்லாருக்கும் பிஸ்கோத்து கொடுத்தாள் என்ற பேச்சு எனக்கு முன்னால் தெருவுக்குப் போயிருந்தது. கொடுத்தாள் என்பது வரைதான் போயிருந்தது. தின்னவில்லை என்பதைக் கேட்க யாருக்குப் பொறுமை? அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போனார். நான் காலித் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கு அங்கீகாரம் இருந்தது. பிள்ளைகள் இல்லை. அழுகை வந்தது. வாத்திச்சி வகுப்பில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து வாசலில் சத்தம் கேட்டது. கோமதியம்மாள். ஒரு கையில் காந்திமதி, மறு கையில் பித்தளைத் தூக்குவாளி. அவள் பின்னால் தெருப் பிள்ளைகள் எல்லாரும், ஒருத்தி பாக்கி இல்லாமல்.

"நேரமாயிட்டு," என்றாள். "ஒவ்வொரு வீடாப் போயி, நடந்ததைச் சொல்லிக் கூட்டிட்டு வாரேன். எம் பிள்ளை ராத்திரியே எங்கிட்ட ஒண்ணு விடாமச் சொல்லிட்டா. துரைசாணிட்டயே மாட்டேன்னு சொன்னியளாமே."

நான் தலையை ஆட்டினேன்.

கோமதியம்மாள் படியைத் தாண்டி உள்ளே வந்தாள். இத்தனை மாதத்தில் அவள் அந்தப் படியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. தூக்குவாளியை என் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். சுசியம். பாசிப்பருப்பும் வெல்லமும் பூரணம் வைத்து, அப்போதுதான் எண்ணெயில் இருந்து எடுத்தது. ஆவி பறந்தது.

"மத்தப் பிள்ளையளுக்கு அதது அம்மாமாருதான் சரின்னு சொல்லணும். எம் பிள்ளைக்கு நான் சொல்லுதேன். நாக்குக்கும் ஒரு பாடம் இருக்குல்லா? நடத்துங்க. உங்க கையாலயே குடுங்க."

எடுத்தேன். விரலைச் சுட்டது. ஊதி, பாதியாகப் பிட்டு, காந்திமதியின் வாயில் வைத்தேன். அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். சுற்றி நின்ற எல்லாப் பிள்ளைகளும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"என்ன ருசி இருக்கு?" என்று கேட்டேன்.

காந்திமதி ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு, மறு கையை அம்மா பக்கம் காட்டினாள். வாய்க்குள் பண்டம் இருக்கும்போது பேசக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"பரவால்ல, சொல்லுட்டி," என்றாள் கோமதியம்மாள். "வாத்திச்சியம்மா கேட்டா, வாய்க்குள்ள என்ன இருந்தாலும் பதில் சொல்லணும்."